அரிவிவெட்டு லீவு

எங்கள் கொலனியில் இரண்டு ஐயாத்துரைகள். ஒருவர் லொறி ஓட்டுவதால் லொறி ஐயாத்துரை. மற்றவன் நான். என்னை யூனிவேசிற்றியார் என்பார்கள். அப்படிக் கூப்பிடச் சொல்லி நான் ஒருவரையும் கேட்கவில்லை. மல்லாவிக்கு அப்பால் காடு வெட்டிக் காணி கொடுத்தபோது, பதிவு எழுத வந்த உத்தியோகத்தர் "படிப்பு எதுவரைக்கும்?" என்று கேட்டார். "கொழும்பு யூனிவேசிற்றிக்குப் போனனான்" என்றேன். அது உண்மை. எத்தனை நாள் போனாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற மயில்வாகனம் இதைக் காதில் வாங்கிக்கொண்டு போய், பொழுது படுவதற்குள் கொலனி முழுவதும் சொல்லி முடித்துவிட்டான்.

அன்றிலிருந்து கொலனியில் அரசாங்கத்துக்கு அனுப்புகிற இங்கிலீசுப் பெட்டிசம் எல்லாம் நான்தான் எழுதுவது. வாய்க்கால் உடைந்தாலும் நான், யானை வேலியைப் பிடுங்கினாலும் நான். கலியாண வீட்டில் எல்லோருக்கும் பாய் போட்டால் எனக்கு மட்டும் கதிரை கொண்டுவந்து வைப்பார்கள். ஏழு வருஷம் கதிரையில் இருந்து பழகியவனுக்கு, பாய் எவ்வளவு பதிவில், தரையோடு கிடக்கிறது என்பது நன்றாகத் தெரியும்.

நான் யூனிவேசிற்றியில் இருந்தது பத்தொன்பது நாள். அதை என் மனைவி இராசேஸ்வரிக்குக்கூடச் சொன்னதில்லை. அவளுக்குச் சொன்னது மூன்று மாதம், அதன் பிறகு ஒரு நெருப்புக்காய்ச்சல்.

1961ஆம் ஆண்டு ஆனி மாதம், வட்டவிதானை பரமலிங்கத்தின் மகள் பத்மாசனிக்குக் கொழும்பு யூனிவேசிற்றியில் விஞ்ஞானம் படிக்க இடம் கிடைத்தது. வட்டவிதானை என்றால் குளத்துத் தண்ணீரை வயல்களுக்கு முறை வைத்துத் திறந்துவிடுகிறவர். ஊரில் அவரைக் கோபிக்க ஒருவருக்கும் தைரியம் கிடையாது. கடிதம் வந்த அன்றே அவர் என் வீட்டுக்கு வந்து, "கொலனியிலையிருந்து யூனிவேசிற்றிக்குப் போற ரெண்டாவது ஆள் என்ரை பிள்ளை" என்றார். முதலாவது ஆள் நான். மறுக்கிற இடத்தில் நான் இருக்கவில்லை.

அவர் மகளை அனுப்ப ஒத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்ல முதல் எங்கள் அரிவிவெட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் நெல் வெட்டக் கூலிக்கு ஆள் பிடிப்பதில்லை. இன்றைக்கு உன் வயலை நாங்கள் எல்லாரும் இறங்கி வெட்டுவோம், நாளைக்கு எங்கள் வயலுக்கு நீ வரவேண்டும். வயல்காரன் கொடுக்கவேண்டியது சாப்பாடு மட்டுந்தான். அந்தச் சாப்பாடு சரியில்லை என்றால் வெட்டுகிறவர்கள் வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார்கள். அடுத்த நாள் வேறு வயலுக்குப் போய்விடுவார்கள். விளைந்த நெல் நின்றபடி கொட்டும்.

விதானையாரின் மனைவி நாலு வருஷத்துக்கு முன் காலமாகிவிட்டார். அதன் பிறகு யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று படித்த பத்மாசனி ஒவ்வொரு அரிவிவெட்டுக்கும் வந்து, இருபத்துமூன்று பேருக்குச் சமைத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் போவாள். விடுதிப் பொறுப்பாளருக்கு எங்கள் வன்னிப் பிள்ளைகளின் பாடு தெரியும். கேட்க முதலே லீவு கொடுத்துவிடுவார். ஊர்ப் பள்ளிக்கூடங்களில் கேட்கவும் தேவையில்லை, தலைமை வாத்தியாரே அரிவாளும் கையுமாக வயலில் நிற்பார். ஆகவே கொழும்பிலும் அப்படித்தான் என்று விதானையார் தன்பாட்டில் முடிவு செய்திருந்தார்.

"படிக்கட்டும். ஆவணியிலை ஆறு கிழமை, ஒண்டரை மாசம், வந்து நிண்டு அரிவிவெட்டை முடிச்சுக் குடுத்திட்டுப் போகட்டும். மாசியிலையும் அப்பிடித்தான்" என்றார்.

கேட்ட ஒருவருக்கும் இதில் பிழை தெரியவில்லை. பிழை தெரிந்தவன் நான் ஒருவன்தான், நானும் தலையாட்டினேன்.

அடுத்த இரண்டு கிழமையும் பத்மாசனி பின்னேரங்களில் ஒரு கொப்பியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். புதிதாகப் போகிற பிள்ளைக்குப் புத்திமதி சொல்லவேண்டியது என் கடமை என்று ஊரே நினைத்தது. நானும் சொன்னேன். முதல் நாள் முன்வாங்கில் இருக்கக்கூடாது, கடைசி வாங்கிலும் இருக்கக்கூடாது. பேராசிரியர் உள்ளே வந்தால் எழும்பவேண்டும், ஆனால் முழுக்க எழும்பக்கூடாது. விடுதியில் முள்ளுக்கரண்டியை இடக்கையில் பிடிக்கவேண்டும். பெயர் கூப்பிடும்போது நம்முடைய பெயரை அவர்கள் எப்படிச் சொன்னாலும் அது நாம்தான் என்று ஒத்துக்கொள்ளவேண்டும். மூத்த மாணவர்கள் பாடச் சொன்னால் சின்னப் பாட்டாகப் பாடிவிட்டு இருந்துவிடவேண்டும். நூலகத்தில் செருப்புச் சத்தம் கேட்கக்கூடாது.

எல்லாம் நல்ல புத்திமதிகள். நானே கண்டு அறிந்தவை. பத்தொன்பது நாளில் இவ்வளவு அறிந்தது பெரிய விஷயம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

புறப்பட ஒரு கிழமை இருக்கும்போது விதானையார் கூட்டம் வைத்தார். அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். எந்த நாளில் மதகு திறப்பது, எந்த நாளில் விதைப்பது, எந்த நாளுக்குப் பிறகு தண்ணீர் இல்லை என்பதெல்லாம் எங்கள் பக்கத்தில் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் கையுயர்த்தித்தான் முடிவாகும். இந்தப் பழக்கம் அவருக்கு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. மனைவியின் அந்தியேட்டிச் சடங்குக்கு எத்தனை கறி என்பதையும் அவர் கையுயர்த்தச் சொல்லித்தான் தீர்மானித்தார். மகளுக்கு என்ன புத்திமதி சொல்லி அனுப்புவது என்பதை மட்டும் எப்படித் தனியாக முடிவு செய்வார்?

கூட்டத்துக்கு முதல்நாள் பத்மாசனி வந்தாள். கொப்பியைத் திறக்கவில்லை.

"மாமா, நீங்கள் சொன்னதெல்லாத்தையும் எழுதி வைச்சிருக்கிறன். எல்லாம் முதல் மாதத்து விசயமாய்க் கிடக்கு. அதுக்குப் பிறகு என்ன நடக்கும்?"

"அது அப்பிடியே போகும் பிள்ளை."

அவள் கொப்பியைத் திறந்து அதையும் எழுதிக்கொண்டாள்.

"இன்னொண்டு மாமா. நாளைக்கு ஐயா கூட்டத்திலை உங்களிட்டை லீவைப் பற்றிக் கேப்பார். கொழும்பிலை அரிவிவெட்டு லீவு எண்டு ஒண்டு இல்லை. எங்கடை ரீச்சரிட்டைக் கேட்டனான். ஐயாவுக்கு அது தெரிஞ்சா என்னை விடமாட்டார். நீங்கள் லீவு இருக்கெண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொன்னா ஆரும் மறுத்துக் கதைக்கமாட்டினம்."

"பிறகு ஆவணியிலை ஐயா வரச்சொன்னா?"

"நான் வரமாட்டன்."

இருபது வயதில் இதைச் சொல்வது சுகம். ஆவணியில் தகப்பனிடமிருந்து தந்தி வரும். அன்றைக்குப் பார்த்து ஒரு பாடமும் விளங்கியிராது, பக்கத்தில் இருக்கிறவள் ஏதோ சொல்லிச் சிரித்திருப்பாள். கால் தன்பாட்டில் ஸ்ரேசனுக்கு நடக்கும். எனக்குத் தந்திகூடத் தேவைப்படவில்லை. ஆனாலும் அவளிடம் "ஓம், சொல்லுறன்" என்றேன். அவள் கேட்டதும் அதுதான், எனக்கு வசதியானதும் அதுதான். உண்மையைச் சொன்னால் அது எப்படித் தெரியும் என்று கேட்பார்கள், கேட்டால் என் கதிரை போய்விடும். இதை மறைத்து எழுதி என்ன பயன்?

கூட்டம் கூட்டுறவுச் சங்கக்கடை மண்டபத்தில் நடந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எனக்குக் கதிரை. கையுயர்த்தும் உரிமை காணிக்காரருக்கு மட்டும் என்று விதானையார் முதலிலேயே சொல்லிவிட்டார்.

பிள்ளை மொட்டைக்கறுப்பன் அரிசி ஒரு சாக்குக் கொண்டுபோகவேண்டும் என்பது முதல் தீர்மானம். விடுதியில் சோறு போடுவார்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். என்ன அரிசியில் என்று கேட்டார்கள். பத்தொன்பது நாள் சாப்பிட்டும் நான் அதைக் கவனிக்கவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

வகுப்பில் முதலாவதாக வரவேண்டும் என்று மயில்வாகனம் ஒரு தீர்மானம் கொண்டுவந்தான். அதுவும் நிறைவேறியது. இரண்டாவதாக வந்தாலும் பரவாயில்லை என்று லொறி ஐயாத்துரை ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அதற்கு மூன்று கைகள்தான் உயர்ந்தன. பிறகு குடை. கறுப்புக் குடையா, பூப்போட்ட குடையா என்பதில் அரை மணித்தியாலம் போனது. கடைசியில் கறுப்பு வென்றது.

முல்லைத்தீவிலிருந்து கருவாடு கொண்டுவரும் றவூப் நானா அன்றைக்குத் தற்செயலாக அங்கே நின்றார். வருஷத்தில் இரண்டு முறை கொழும்புப் புறக்கோட்டைக்குப் போய்வருகிறவர். "கொழும்பிலை வழி கேட்டா ஒருத்தரிட்டைக் கேக்காதேங்கோ மகள். மூண்டு பேரிட்டைக் கேளுங்கோ. ரெண்டு பேர் சொல்லுறது ஒத்து வந்தா அந்தப் பக்கம் போங்கோ" என்றார். அன்றைய கூட்டத்தில் உருப்படியான புத்திமதி அது ஒன்றுதான். றவூப் நானாவுக்கு எங்கள் கொலனியில் காணி இல்லாததால் அதை ஒருவரும் தீர்மானமாக எடுக்கவில்லை.

விதானையார் தன் பங்குக்குக் குழாயைப் பற்றிச் சொன்னார். கொழும்பில் திருகினவுடன் தண்ணீர் வருமாம், முறையும் இல்லையாம், மதகும் இல்லையாம். "முறை இல்லாமல் தண்ணி குடிக்கிற சனம் எப்பிடிச் சொல்லுக் கேக்கும்? அவையோடை அளவாய்ப் பழகு பிள்ளை." இது கையுயர்த்தாமலே ஏற்கப்பட்டது.

"அடுத்தது லீவு. யூனிவேசிற்றியார், அரிவிவெட்டுக்கு எத்தினை கிழமை தருவினம்?"

பெண்கள் பக்கத்திலிருந்து பத்மாசனி என்னைப் பார்த்தாள்.

"கேட்டாத் தருவினம்" என்றேன்.

"ஆறு கிழமை?"

"ஆறு கிழமை."

பத்மாசனி தலையைக் குனிந்துகொண்டாள். காரியம் முடிந்தது என்று நானும் கதிரையில் சாய்ந்தேன்.

"நல்லது" என்றார் விதானையார். "அப்ப லீவுக் கடிதத்தை இப்பவே எழுதிப்போடுவம். பிள்ளை போற அண்டைக்கே கையோடை குடுக்கட்டும். கடைசி நேரத்திலை குடுத்தா அவைக்கும் கரைச்சல்தானே. யூனிவேசிற்றியார், இங்கிலீசிலை நல்லாய் ஒண்டு எழுதுங்கோ."

கடுதாசி வந்தது. மடியில் வைத்து எழுத ஒரு பலகை வந்தது. கூட்டம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க நான் பேனையைத் திறந்தேன். அந்தக் கடிதத்தை நான் யோசித்து எழுதவேண்டியதில்லை. அது எனக்கு மனப்பாடம். பதினைந்து வருஷத்துக்கு முன் நானே எழுதியது. மதிப்புக்குரிய ஐயா, எங்கள் வயலில் நெல் விளைந்து நிற்பதால், என்பது வரைக்கும் எழுதினேன். அதற்கு மேல் கை போகவில்லை. இந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்தால் அவள் அதைக் கொழும்பு போகும் வழியில் கிழித்துப்போடுவாள். அது எனக்குத் தெரியும். ஆனால் ஆவணியில் விதானையார் கொழும்பு கொடுத்த லீவுக்குப் பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்பார். ஆறு கிழமை தந்தாயிற்று என்று நானே சொல்லியிருப்பேன். கூட்டிவரப் போவதற்கும் அவர் பின்னிற்கமாட்டார்.

"என்ன, மை முடிஞ்சுபோச்சோ?" என்று மயில்வாகனம் கேட்டான்.

"இல்லை. அங்கை அரிவிவெட்டு லீவு எண்டு ஒண்டு இல்லை."

"இப்பதானே இருக்கெண்டு சொன்னியள்?"

"பொய் சொன்னனான்."

பத்மாசனி என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். விதானையார் அமைதியாக, "லீவு இல்லையெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் ஏழு வருஷம் பயந்துகொண்டிருந்தேன். கேட்கும்போது அது சாதாரணக் கேள்வியாகத்தான் இருந்தது.

"நான் கேட்டுப் பாத்தனான்" என்று தொடங்கினேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அப்போது எங்கள் ஊராயிருந்த செட்டிகுளத்திலிருந்து ஆடி மாதம் போனேன். அந்த வருஷம் எங்கள் குளத்தில் தண்ணீர் நின்றதால் கோடைச் சிறுபோகமும் விதைத்திருந்தோம். நெல் விளைந்துவிட்டது என்று அண்ணர் எழுதினார். பத்தொன்பதாம் நாள் லீவுக் கடிதத்தை யூனிவேசிற்றிக் கந்தோரில் கிளாக்கரின் மேசையில் வைத்துவிட்டு ஸ்ரேசனுக்குப் போய்க் கோச்சி ஏறினேன். மறுமொழிக்குக் காத்து நிற்கவில்லை, அரிவிவெட்டுக்கு யார் மறுப்புச் சொல்வார்கள்? நான் வரும்வரைக்கும் பாடங்களைக் கொஞ்சம் மெதுவாக நடத்தினால் உதவியாக இருக்கும் என்றும் கடிதத்தில் எழுதியிருந்தேன். ஆறு கிழமைக்குப் பிறகு திரும்பிப் போனால் வகுப்பு வாசலில் என் கடிதம் குத்தியிருந்தது. யாரோ பெடியள் எடுத்துவந்து குத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு அரிவாள் படமும் கீறியிருந்தது. நான் உள்ளே காலை வைத்ததும் வகுப்பு முழுவதும் சிரித்தது. எத்தனை மூட்டை என்று ஒருவன் கேட்டான்.

"அதுக்குப் பிறகு உங்களைக் கலைச்சுப்போட்டாங்களோ?" என்று லொறி ஐயாத்துரை கேட்டார். அவர் முகத்தில் உண்மையான இரக்கம் இருந்தது. அதுதான் என்னை உடைத்தது.

"இல்லை. ஒருத்தரும் கலைக்கேல்லை. படிப்பிச்ச மனிசன் என்னைப் பாத்து, பின்வாங்கிலை இடம் கிடக்கு, இரும், விட்ட பாடத்தை ஆரிட்டையும் பாத்து எழுதும் எண்டு சொன்னவர். நான் இருக்கேல்லை. திரும்பி நடந்து வந்திட்டன். என்ரை பேரை அந்த வருசம் முடியுமட்டும் கூப்பிட்டவையாம். பிறகுதான் கேள்விப்பட்டனான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வயதில், இத்தனை பேருக்கு முன்னால், அழுகை வரும்போல இருந்தது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது.

"பத்தொன்பது நாளோ? எனக்கு மூண்டு மாதமெண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"ஓம்."

"நெருப்புக்காய்ச்சல்?"

"வரேல்லை."

"அப்ப என்ரை வேலிப் பெட்டிசத்துக்கு மறுமொழி வராதது இதாலைதான்" என்றான் மயில்வாகனம். அவனுக்கு ஏதோ ஒன்று கடைசியில் விளங்கிவிட்ட திருப்தி.

விதானையார் தன் கொப்பியில் ஒரு கோடு போட்டார். "சரி. லீவு இல்லையெண்டா பிள்ளை போறேல்லை. கூட்டம் முடிஞ்சுது."

பத்மாசனி எழும்பவில்லை, அழவும் இல்லை. மடியில் வைத்திருந்த கொப்பியை மூடினாள். அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ தெரியாது. கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினேன்.

"விதானையார், உங்களுக்கு இப்ப வேண்டியது என்ன? பிள்ளையோ, சோறோ? சோறெண்டா அதை நான் காய்ச்சுறன். ஆவணியிலையும் காய்ச்சுறன், மாசியிலையும் காய்ச்சுறன். அவள் படிச்சு முடிக்குமட்டும் காய்ச்சுறன். அவளை விடுங்கோ!"

விதானையார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்குச் சமைக்கத் தெரியுமோ?"

"தெரியாது" என்றாள் இராசேஸ்வரி, எனக்குப் பதிலாக.

விதானையார் தான் போட்ட கோட்டுக்குக் கீழே எழுதத் தொடங்கினார். "பரமலிங்கத்தின் வயலில் அரிவிவெட்டுச் சமையல் இனி ஐயாத்துரை பொறுப்பு. பிள்ளை கொழும்புக்குப் போகலாம். சம்மதமெண்டா கையை உயர்த்துங்கோ." யூனிவேசிற்றியார் என்று அவர் எழுதவில்லை என்பதைக் கவனித்தேன். கைகள் உயர்ந்தன. காணிக்காரன் என்ற முறையில் நானும் உயர்த்தினேன். எதிராக ஒருவரும் இல்லை. காணி என் பெயரில் இருந்ததால் என் மனைவிக்குக் கையுயர்த்த உரிமை இருக்கவில்லை. இருந்திருந்தால் எதிர்த்திருப்பாள். அதுவும் வெட்டுகிறவர்களின் நன்மைக்காகத்தான் என்று அவள் பிறகு சொன்னாள்.

ஆடி மாதம் மாங்குளம் ஸ்ரேசனில் பத்மாசனியை ஏற்றிவிட்டோம். அரிசிச் சாக்கும் கறுப்புக் குடையும் முதலில் ஏறின. கோச்சி வெளிக்கிட முதல் அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நான் சொல்லச் சொன்னதை நீங்கள் சொல்லியிருக்கலாம் மாமா. ஐயா கடைசி நேரத்திலை விட்டதாலை தப்பினன். விடாட்டி என்ரை கதி என்ன?"

"ஓம் பிள்ளை."

"உங்கடை புத்திமதிக் கொப்பியைக் கொண்டுபோறன். பின்னுக்கு நிறைய வெறும் தாள் கிடக்கு. எழுத உதவும்."

அவள் இதைக் கோபத்தில் சொன்னாளா, அன்பில் சொன்னாளா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

ஊரில் என் பெயர் மாறிவிட்டது. பத்தொன்பதார் என்றார்கள். ஆவணி பிறந்ததும் நடந்த முதல் கலியாணத்தில் எனக்குப் பாய் போட்டார்கள். இருந்தேன். கால் விறைத்துப்போனது. எழும்பும்போது பக்கத்தில் இருந்தவரின் தோளைப் பிடிக்கவேண்டி வந்தது. பெட்டிசம் எழுதுவிக்க மட்டும் தொடர்ந்து வந்தார்கள், வேறு ஆள் இல்லை.

அரிவிவெட்டு ஆவணி நடுவில் தொடங்கியது. முதல் நாள் சோறு குழைந்துவிட்டது. இரண்டாம் நாள் குழம்புக்கு உப்புப் போட்டதை மறந்து திரும்பவும் போட்டேன். இருபத்துமூன்று பேரும் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார்கள். பேசியிருந்தால் நல்லது. எங்கள் பக்கத்தில் வெட்டுகிறவர்கள் பேசாமல் சாப்பிடுகிறார்கள் என்றால் நாளைக்கு எந்த வயலுக்குப் போவது என்று யோசிக்கிறார்கள் என்று அர்த்தம். பாதி வயல் வெட்டாமல் நின்றது.

மூன்றாம் நாளும் வெட்டுகிறவர்கள் வந்து இறங்கினார்கள், அன்று காலையில் விதானையார் சைக்கிளில் மல்லாவித் தபால்கந்தோருக்குப் போனார். நான் வயல் கரையில் சோற்றுக் கிடாரத்தை அடுப்பில் ஏற்றி, ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது திரும்பி வந்தார். கையில் வெறும் தந்திப் படிவம் ஒன்று இருந்தது. அதை என்னிடம் நீட்டினார்.

"உடனை வா எண்டு எழுதித் தாருங்கோ. இங்கிலீசிலைதான் அனுப்பவேணுமாம்."

"எழுதமாட்டன்."

"அப்ப லொறிக்காரனைக் கேக்கிறன்."

"அவருக்கு இங்கிலீசிலை 'ஸ்ரொப்' மட்டுந்தான் தெரியும்."

அது அவருக்கும் தெரியும். விறகுக் குற்றி ஒன்றில் இருந்தார். அவரைத் திட்டுவதற்கு நான் ஆயத்தமாகத்தான் இருந்தேன். நாலு வாய்ச் சோற்றுக்காகப் பிள்ளையின் படிப்பைக் கெடுக்கிறீரே என்று கேட்க வாயெடுத்தேன். அதற்கு முதல் அவர் மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். பத்மாசனியின் எழுத்து.

"சோத்துக்காக இல்லை" என்றார். "முந்தி யாழ்ப்பாணத்திலையிருந்து எழுதேக்கை, சோறு சரியில்லை, கட்டில் சரியில்லை, பக்கத்துப் பெட்டை குறட்டை விடுறாள் எண்டு ரெண்டு பக்கத்துக்கு எழுதுவாள். இதைப் பாருங்கோ. நான் சுகம், ஐயா சுகமோ. அவ்வளவுதான். என்ரை பிள்ளை அங்கை அழுதுகொண்டிருக்கிறாள்."

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். இரண்டே வரி. நானும் அண்ணருக்கு இப்படித்தான் எழுதினேன்.

"அழுவாள்தான் அண்ணை. நானும் அழுதனான்."

"பிறகு?"

"பிறகு வந்திட்டன்."

"வராமல் அங்கையே இருந்திருந்தா? பிறகு சரிவந்திருக்குமோ?"

இத்தனை வருஷமும் யூனிவேசிற்றியைப் பற்றி யார் என்ன கேட்டாலும் எனக்குப் பதில் இருந்தது. இதற்குப் பொய்யாகவாவது ஓம் என்று சொல்லத்தான் ஆசைப்பட்டேன். முடியவில்லை.

"தெரியாது அண்ணை. நான் இருந்து பாக்கேல்லை."

விதானையார் தந்திப் படிவத்தை முன்பக்கமும் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். அடுப்பு அணையப் பார்த்தது. படிவத்தை நாலாக மடித்து விறகுக்குள் செருகி, குனிந்து ஊதினார். அது பற்றிக்கொண்டதும் ஈர விறகும் மெல்லப் பிடித்தது.

"அப்ப அவள் இருந்து பாத்துச் சொல்லட்டும்" என்றார்.

பிறகு சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வெங்காயம் உரிக்க இருந்தார். அவருக்கும் சமைக்கத் தெரியாது. வெட்டுகிறவர்கள் கரைக்கு வர இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது.